துப்பாக்கி யார் கையில்?

சென்ற திங்கள் கோவில்பத்தில் ஒரு தெருமுனைக் கூட்டம். மாநாட்டுப் பந்தல் அன்று. மாலை மரியாதை அன்று. நான்கு பெஞ்சு, ஓர் ஒலிபெருக்கி, ஒரு கொடிக்கம்பம், இருநூறு தோழர்கள். பேசினேன். கை தட்டினார்கள். பேசிய களைப்பு தீரத் தேநீர்க் கடைப் பக்கம் ஒதுங்கி நின்றேன். கடற்காற்றும் உப்பும் காய்ச்சி எடுத்த முகத்தோடு ஓர் இளைஞர் வந்து நின்றார். மீனவத் தம்பி. கூட்டத்துக்குத் தவறாது வருகிறவர். கொடி கட்டுவதற்கு முதலாளாய் நிற்கிறவர்.

"அண்ணே, ஒரு மணி நேரம் வீரம் பேசினீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எங்க படகு மேல அவன் சுடுறான். எங்க கையில என்ன இருக்கு? வலை இருக்கு. எங்களுக்கும் ஆளுக்கொரு துப்பாக்கி குடுன்னு நீங்க ஏன் தீர்மானம் போடக் கூடாது?"

பேச்சாளன் என்று பெயரெடுத்தவன் நான். அந்தத் தம்பியின் முன்னே பேச்சற்று நின்றேன். தோளில் தட்டினேன், சிரித்தேன், "பார்ப்போம் தம்பி" என்றேன். பார்ப்போம் என்பது பதிலாகுமா? ஆகாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றிரவு சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்று எழுதுகிறேன். அவருக்கு மட்டுமன்று, அதே கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு வாய்திறவாமல் வீடு திரும்பும் தோழர் அனைவருக்கும் எழுதுகிறேன்.

கேள்வி ஆகாயத்திலிருந்து குதித்ததன்று. 2025 சனவரி 28 விடியற்காலை, நெடுந்தீவுக் கடற்பகுதியில் காரைக்கால் படகொன்றின்மீது இலங்கைக் கடற்படை சுட்டது. படகிலே 13 பேர். இருவருக்குப் படுகாயம், மேலும் மூவருக்குக் காயம். யாழ்ப்பாண மருத்துவமனையிலே கிடந்தார்கள் நம் பிள்ளைகள். தில்லி, இலங்கையின் பொறுப்புத் தூதரை அழைத்துக் கண்டனம் தெரிவித்தது. கண்டனத் தாள் வெள்ளையாக இருந்தது. கட்டுத் துணி சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்பைக் கண்ட கண்கள், துப்பாக்கி கேட்கின்றன. கேட்பவரை முட்டாள் என்பவன்தான் முட்டாள்!

தம்பி ஒருவர் மட்டுந்தான் கேட்கிறாரா? இல்லை. அசாமிலே அரசே கேட்காமல் கொடுக்க முன்வந்திருக்கிறது. 2025 மே 28 அன்று அம்மாநில அமைச்சரவை, எல்லையோரங்களிலும் தொலைதூரப் பகுதிகளிலும் வாழும் மண்ணின் மக்களுக்குத் துப்பாக்கி உரிமம் தாராளமாக வழங்குவோம் என முடிவெடுத்தது. கடல் கடந்த அமெரிக்காவிலோ, துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் பிறப்புரிமை என்று 1791 இல் சேர்த்த அரசியல் சட்டத் திருத்தத்தைக் காட்டி இன்றளவும் வழக்காடுகிறார்கள். அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2008 இலும் 2022 இலும் அவ்வுரிமையை மேலும் அகலமாக்கித் தீர்ப்பளித்தது. ஆக, கோவில்பத்துத் தேநீர்க் கடையிலே எழுந்தது உலகம் வாதிடும் வழக்கு. அதை ஆற அமரப் பார்ப்போம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்நாட்டு மக்களின் கையிலிருந்த படைக்கலத்தைப் பிடுங்கியவன் நல்லெண்ணத்தோடு பிடுங்கவில்லை. கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றிலே தூக்கிலிட்டார்கள். மருதிருவரை 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரிலே தூக்கிலிட்டார்கள். அது முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை; திசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் கிளைவ் ஓர் அறிக்கை விடுத்தான். பாளையக்காரர் சீமையில் எவனும் படைக்கலம் வைத்திருக்கக் கூடாது. கோட்டைகள் இடிபட வேண்டும்! வேலும் போயிற்று, வெடிக்குழலும் போயிற்று, கோட்டை கொத்தளமும் போயிற்று. தென்னாட்டின் தோள் அன்று கட்டப்பட்டது.

பின்னர் வந்தது 1878. அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபுவின் காலம். ஒரே ஆண்டில் இரண்டு சட்டம்! ஒன்று, இந்திய மொழி இதழ்களின் வாய்க்குப் பூட்டு. மற்றொன்று, இந்தியன் கைக்குப் பூட்டு. ஆயுதச் சட்டம் எனப் பெயர் சூட்டினர். உரிமம் இன்றி நாட்டான் துப்பாக்கி தொட்டால் சிறை, வெள்ளையனுக்கோ விலக்கு! இதழ்களைக் கட்டிய சட்டம் ஒரு சில ஆண்டில் ஒழிந்தது. ஆயுதச் சட்டம் மட்டும் எண்பது ஆண்டு ஆண்டது. பேனாவைத் திருப்பிக் கொடுத்தவன் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

எனவேதான் 1887 இல் சென்னையிலே கூடிய காங்கிரசின் மூன்றாம் மாநாடு, இச்சட்டத்தை எதிர்த்துக் குரலெழுப்பிற்று. 1928 இன் நேரு அறிக்கையிலும், 1931 இன் கராச்சித் தீர்மானத்திலும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று எழுதி வைத்தார்கள். அகிம்சை பேசிய அவையிலேயே ஆயுத உரிமைத் தீர்மானம்! முரண்பாடு என்று நகைக்க வேண்டாம். அடிமைக்குத் துப்பாக்கி உயிர்காக்கும் கருவியாகத் தெரிந்ததைவிட, மானத்தின் அடையாளமாகத் தெரிந்தது. வெள்ளையன் வைத்திருக்கலாம், நான் வைத்திருக்கக் கூடாதா என்ற கேள்வி சமத்துவக் கேள்வி. அதை மதிக்கிறேன்.

ஆனால் விடுதலைக்குப் பிறகு நடந்தது என்ன? 1948 திசம்பரில் அரசியல் நிர்ணய மன்றத்தில் எச். வி. காமத் எழுந்தார்; கராச்சியிலே சொன்னதை நினைவூட்டினார்; ஆயுத உரிமையை அடிப்படை உரிமைகளிலே சேர்க்கத் திருத்தம் கொடுத்தார். அண்ணல் அம்பேத்கர் மறுத்தார். அடிமைப்பட்ட நாளில் எழுந்த கோரிக்கையை விடுதலை பெற்ற நாளில் அப்படியே தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். நாட்டைக் காக்கும் வேளையில் படைக்கலம் ஏந்துவது குடிமகனின் கடமையாகலாம்; சந்தையிலே போய் வேண்டியதை வாங்கி வருவது தனியொருவனின் உரிமையாகாது என்றார். திருத்தம் தோற்றது.

யார் மறுத்தார் என்பதைக் கவனியுங்கள் தோழர்களே! அரண்மனையிலே பிறந்தவரா? ஆயிரம் வேலி ஆண்டவரா? ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களிலிருந்து எழுந்து வந்தவர். தாக்கப்படுவது எப்படியிருக்கும் என்பதை ஏட்டிலே படித்து அறிந்தவரல்லர் அவர். அவர் மறுத்தார் என்றால் அதிலே பொருள் இருக்க வேண்டும். அந்தப் பொருளைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். இங்கிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில், நாகை மாவட்டத்தில் இருக்கிறது. ஊரின் பெயர் கீழ்வெண்மணி.

1968 திசம்பர் 25. உழவுத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டார்கள். கேட்டது அரண்மனையன்று, அளந்து போடும் நெல்லிலே சற்றுக் கூடுதல். அந்த இரவில் சேரியைச் சுற்றி வளைத்தது ஒரு கும்பல். துப்பாக்கி வெடித்தது. தப்ப வழியின்றி ஒரு குடிசைக்குள் ஒண்டினார்கள் தாய்மாரும் முதியோரும் குழந்தைகளும். குடிசைக்குத் தீ வைத்தார்கள். 44 உயிர்கள் கரிக்கட்டையாயின. அந்நாளில் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர்கள் திராவிட இயக்கத்தார். மாற்றார் சுட்டிக்காட்டுமுன் நானே எழுதி விடுகிறேன். மறைப்பதால் மானம் வளராது. கீழ் நீதிமன்றம் தண்டித்தது. உயர்நீதிமன்றமோ, வசதி படைத்த நிலவுடைமையாளர்கள் தாமே நேரில் போய் இத்தகைய செயல் புரிந்திருப்பர் என நம்பக் கடினம் என்ற ஐயத்தையும் முன்வைத்து, விடுதலை செய்தது.

அன்று துப்பாக்கி எவர் கையில் இருந்தது? நிலம் எவர் கையில் இருந்ததோ அவர் பக்கத்தில் இருந்தது. அதுதான் துப்பாக்கியின் இயல்பு! நிலத்தைத் தேடி நீர் போவது போல, பணத்தைத் தேடிப் போகும் பண்டம் அது.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார்: "அந்தக் குடிசைக்காரர் கையிலும் துப்பாக்கி இருந்திருந்தால்?" கடினமான கேள்வி, தட்டிக் கழிக்க மாட்டேன். இருந்திருந்தால் என்று கற்பனை செய்யுமுன், எப்படி இருந்திருக்கும் என்று கேட்போம். நெல்லுக்குக் கையேந்தியவன் வெடிக்குழலை எந்தக் காசில் வாங்குவான்? உரிமை எல்லார்க்கும் உண்டு என்று சட்டம் இயற்றினால், தொழிலாளி ஒன்று வாங்க ஆயுள் முழுதும் கூலி சேர்ப்பான். மிராசுதார் மாலைக்குள் பத்து வாங்கி மாடத்தில் சாய்த்து வைப்பார். இப்போதைய 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு, விண்ணப்பிப்பவரிடம் போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமம் மறுக்கக் கூடாது என்று கூறுகிறது. நல்ல வாசகம்! ஆனால் உரிமம் கொடுக்கும் சட்டம் துப்பாக்கி வாங்கக் காசு கொடுப்பதில்லை. சாலையிலே நடக்க எல்லார்க்கும் உரிமை, காரிலே போக வசதி உள்ளவர்க்கு உரிமை என்பது போன்ற சமத்துவம் அது!

அப்படியானால் தாக்கப்படுபவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? இல்லை. சட்டத்தின் ஏட்டிலேயே வேறு விடை இருக்கிறது. தூசி தட்டிக் காட்டுகிறேன். பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்க 1995 இல் விதிகள் வகுத்தார்கள். அதன் 3 ஆம் விதியைப் படியுங்கள். வன்கொடுமை நிகழக்கூடிய பகுதி என இனங்காணப்பட்ட இடத்தில், அம்மக்களைச் சாராத பிறரின் துப்பாக்கி உரிமங்களை அரசு நீக்கி, துப்பாக்கிகளை அரசுக் கிடங்கிலே ஒப்படைக்கச் செய்ய வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதன் பிறகே, தேவையெனக் கருதினால் தாக்குதலுக்கு ஆளாகும் மக்களுக்கு உரிமம் வழங்கலாம். வரிசையைக் கவனித்தீர்களா? முதலில் கொடியவன் கையைக் காலி செய். பிறகு எளியவனுக்கு என்ன வேண்டும் என்று பார். கீழ்வெண்மணித் தீயிலே எழுத வேண்டிய விதி. காலந்தாழ்ந்து எழுதினார்கள், எனினும் எழுதினார்கள். அந்த விதி எத்தனை மாவட்டங்களில் ஏட்டை விட்டு இறங்கிற்று? நம் தோழர்கள் தத்தம் மாவட்டத்தில் கேட்க வேண்டிய முதற்கேள்வி அதுதான்.

எதிர் வழக்காடுவோர் குடகைக் காட்டுவார்கள். அங்கே குடவர் குலத்தார்க்கும் சம்மா நிலம் உடையார்க்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. வெள்ளையன் காலத்திலிருந்து தொடர்வது. 2021 இல் கருநாடக உயர்நீதிமன்றமும் செல்லும் என்றது. துப்பாக்கியை வழிபடும் திருநாளும் அங்குண்டு. ஊர் அழிந்துவிட்டதா என்று கேட்பார்கள். அழியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த விலக்கும் யாருக்கு? குலத்துக்கும் நிலத்துக்கும்! அந்நிலத்திலே காப்பிக்கொட்டை பறிக்கும் கூலிக்காரனுக்கு என்று எழுதப்பட்டதா? உரிமை என்ற பெயரில் வருவது எப்போதும் சலுகையாக முடிகிறது. இதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

அரசே மக்களுக்கு ஆயுதம் கொடுத்தால் என்னாகும் என்பதற்கும் சான்று உண்டு. சத்தீசுகரிலே நக்சலைட்டுகளை எதிர்க்கவென்று பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அலுவலர் என்று பெயரிட்டுத் துப்பாக்கி கொடுத்து நிறுத்தினார்கள். அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம், காடு சுடுகாடாயிற்று. 2011 சூலை 5 அன்று உச்சநீதிமன்றம், அது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தது. மணிப்பூரைப் பாருங்கள்! 2023 மே 3 இல் மூண்ட கலவரத்தில் காவல் கிடங்குகளிலிருந்து ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் கொள்ளை போயின. இரு இனத்தாரும் தற்காப்புக்கு என்றே எடுத்தார்கள். தற்காப்பு என்று எடுத்த துப்பாக்கி எந்த வீட்டைக் காத்தது? ஆயிரமாயிரம் பேர் வீடிழந்து முகாமிலே கிடந்ததுதான் கண்ட பயன். இத்தனையும் கண்ட பின்னும் அசாமிலே உரிமம் வழங்கப் புறப்பட்டிருக்கிறார்கள். எவரை அண்டை வீட்டார் என்றோமோ, அவரை எதிரி என்று கற்பித்துவிட்டுக் கையிலே குழலைக் கொடுப்பது காவலா? காவல் கடமையை அரசு கைகழுவும் வேலை!

அமெரிக்காவைப் பற்றி நம்மவர் சிலர் வியந்து பேசுகிறார்கள். அங்கே மக்களைவிடத் துப்பாக்கிகள் அதிகம். 100 பேருக்குச் சுமார் 120 என்று 2018 இல் வெளியான ஓர் உலக ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை காவலிருந்தும் 2012 திசம்பரில் சாண்டி ஊக் பள்ளியிலே 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுடப்பட்டு மாண்டனர். 2022 மே மாதம் உவால்டே பள்ளியிலே 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். அந்த 2022 ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் துப்பாக்கியால் மாண்டோர் 48 ஆயிரத்துக்கு மேல். அவர்களிலே பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். படித்ததும் திடுக்கிட்டேன். திருடனுக்கென்று வாங்கிய துப்பாக்கி, வீட்டுக்காரனின் மனம் உடைந்த ஓர் இரவுக்காகக் காத்துக் கிடக்கிறது! டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பூச்சிமருந்துப் புட்டி கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் போன உயிர்கள் எத்தனை என்பதை நம் ஊர்கள் அறியும். கொடிய பூச்சிமருந்துகளை இலங்கை தடைசெய்த பின் அங்கே தற்கொலை வெகுவாகக் குறைந்தது. கருவி கைக்கெட்டாவிட்டால் கணநேர வெறி கடந்து போகும், மனிதன் பிழைப்பான்.

இந்தியாவிலும் கணக்குப் பார்ப்போம். 2016 இறுதியில் உள்துறை தொகுத்த விவரப்படி நாட்டில் துப்பாக்கி உரிமங்கள் ஏறத்தாழ 33.7 இலட்சம், அவற்றில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 இலட்சம். தமிழ்நாட்டிலோ சுமார் 22 ஆயிரம். உத்தரப் பிரதேசத்திலே அச்சமற்ற வாழ்வு பூத்துக் குலுங்குகிறதா? திருமண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுட்டு வாழ்த்துக் கூறும் வழக்கத்தால் விருந்தினர் சாகிறார்கள். அதற்கென்றே 2019 இல் சட்டத்தைத் திருத்தி, கொண்டாட்டத்தில் சுட்டால் ஈராண்டுச் சிறை அல்லது ஓர் இலட்சம் அபராதம், அல்லது இரண்டும் என்று எழுத வேண்டியதாயிற்று. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கியும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. நம் மண்ணிலே மணவீட்டில் நாதசுரம் கேட்கிறது. அது போதும் நமக்கு.

துப்பாக்கி இருந்தால் தப்பலாம் என்பதும் முழு உண்மையன்று. 2024 சூலை 5, சென்னைப் பெரம்பூர். பகுசன் சமாசு கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்சுட்ராங் தம் வீட்டருகே வெட்டிச் சாய்க்கப்பட்டார். உரிமம் பெற்ற துப்பாக்கி உடையவர் அவர். தேர்தலுக்காக ஒப்படைத்ததை முன்னரே திரும்பப் பெற்றுவிட்டார் என்று காவல்துறை கூறிற்று. கும்பலாக வந்த அரிவாளுக்கு முன் அது உதவவில்லை. நம் காரைக்காலிலும் 2017 சனவரி 3 அன்று நிரவியில் முன்னாள் பேரவைத் தலைவர் வி. எம். சி. சிவக்குமார் நாட்டு வெடிகுண்டு வீசப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டார். கொலைகாரன் உரிமம் கேட்டு மனுப் போடுவதில்லை. ஆகவே துப்பாக்கிச் சட்டம் ஒன்றே போதும் என்றும் நான் கூறவில்லை. நாட்டு வெடிகுண்டு செய்யும் கொட்டகையை, கூலிக்கு வெட்டும் கும்பலை, அவர்களுக்கு நிழல் கொடுக்கும் பெரிய மனிதரை, எக்கட்சியினராயினும், ஒடுக்காத வரை காகிதச் சட்டம் காவல் நிற்காது.

நாடகக்காரன் என்ற முறையிலும் ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரியைப் பாதியில் விட்டு மேடைக்கு ஓடி வந்தவன் நான். பொய்த் துப்பாக்கியோடு பழகியவன். ஒருமுறை, கதாநாயகன் வில்லனைச் சுடும் காட்சி. துப்பாக்கி வெடிக்கவில்லை. பக்கத்திரைக்குப் பின்னே தட்டவேண்டியவனும் தூங்கிவிட்டான். ஓசையே எழவில்லை, ஆனாலும் வில்லன் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான்! கொட்டகையே சிரித்தது. திரை விழுந்ததும் செத்தவன் எழுந்து என்னிடம் தேநீர் கேட்டான். மேடைத் துப்பாக்கியின் பெருமை அதுதான் தோழர்களே. செத்தவன் எழுந்து வருவான்.

திரைக்கு வெளியே அப்படி நடப்பதில்லை. 1967 சனவரி 12 அன்று இராமாவரத்தில் நடந்ததைத் தமிழ்நாடு மறக்குமா? திரையிலே எத்தனையோ முறை மோதிய இருவர், எம்.ஜி.ஆரும் எம்.ஆர். இராதாவும். வீட்டுக்குள்ளே உண்மைத் துப்பாக்கி வெடித்தது. ஒருவர் கழுத்தில் குண்டு. மற்றவர் உடலிலும் குண்டு. பாய்ந்த குண்டு ஒருவர் குரலை மாற்றியது. மற்றவரைச் சிறைக்கு அனுப்பியது. இருவரும் கலைஞர், இருவரையும் மக்கள் நேசித்தனர். சினம் மூண்ட நொடியில் கைக்கெட்டும் தூரத்தில் குழல் இருந்ததே, அதுதான் கேடு!

நம்மையும் நாம் பார்த்துக்கொள்வோம். மாநாட்டிலே தலைவருக்கு வெள்ளி வீரவாள் கொடுக்கிறோம். உயர்த்திக் காட்டினால் ஆர்ப்பரிக்கிறோம். சுவரொட்டியிலே துப்பாக்கி ஏந்திய நடிகர் பக்கத்தில் வட்டச் செயலாளர் படம். பிறந்தநாளுக்குப் பட்டாக்கத்தியால் கேக் வெட்டிய இளைஞர் கைதாகிறார். அவர் எங்கே கற்றார்? நம் மேடையிலிருந்து கற்றாரோ என்ற ஐயம் என்னைக் குடைகிறது. அரசியல் சட்டத்தின் 19 ஆம் பிரிவு, கூட்டம் கூடும் உரிமையை அமைதியாகவும் ஆயுதமின்றியும் என்று சொல்லித்தான் தருகிறது. ஆயுதமின்றி! அந்த ஒரு சொல்லே நம் பேரணிக்குக் கவசம். அதை நாமே கழற்றி எறியலாமா?

இனி, மீனவத் தம்பிக்கு நேரான பதில்.

தம்பி, கடலிலே உன் படகில் ஒரு துப்பாக்கி ஏறட்டும் என்று வைத்துக்கொள். நாளை அவன் சுட்டால், மீனவனைச் சுட்டான் என்று உலகத்திடம் முறையிடுகிறோம். படகிலே துப்பாக்கி இருந்தால், ஆயுதம் தாங்கிய படகைச் சுட்டேன் என்று அவன் முறையிடுவான். உலகம் அவன் பக்கம் தலையசைக்கும். உன் ஒரு படகுக்காக, வலை மட்டுமே ஏற்றிய ஆயிரம் படகும் குறியாகும். 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில் என்ன நடந்தது? இத்தாலியக் கப்பலில் இருந்த வீரர்கள், கடற்கொள்ளையர் என்று எண்ணினோம் என்று சொல்லி, படகிலிருந்த இரு மீனவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் நம் குமரி மாவட்டத்தார். கையில் ஒன்றுமில்லாதவரையே கொள்ளையர் என்று சுட்டார்கள். கையில் துப்பாக்கி இருந்தால் கேட்கவும் வேண்டுமா? அவர்கள் நிராயுதபாணிகள் என்ற உண்மைதான் பின்னர் இத்தாலியைப் பத்துக் கோடி உரூபாய் இழப்பீடு கட்ட வைத்தது.

உனக்கு வேண்டியது துப்பாக்கியன்று. சுடும் துப்பாக்கியைத் தடுக்கும் அரசு. 2008 அக்டோபரில் இந்தியாவும் இலங்கையும் கூட்டாகச் சொன்னது என்ன? இந்திய மீன்பிடி படகுகள்மீது சுடுவதில்லை என்பது. அந்த வாக்கு எழுத்தில் இருக்கிறது. அதன் பிறகும் குண்டு பாய்ந்தால், கேட்க வேண்டிய கடமை தில்லிக்கு. தில்லியைக் கேட்கவைக்கும் கடமை நமக்கு. அந்தக் கடமையில் நாங்கள் சுணங்கினால், என் சட்டையைப் பிடித்துக் கேள். அந்த உரிமை உனக்கு உண்டு.

அரசின் கையிலுள்ள துப்பாக்கிக்கு மட்டும் கட்டுப்பாடு வேண்டாமா? அதுதான் வழக்கின் மறுபாதி. பலர் பேசாத பாதி. நாம் துப்பாக்கியை அரசிடம் ஒப்படைத்தது நம்பி ஒப்படைத்தது. அடகு வைத்த நகை போன்றது, அணிந்து ஆடுவதற்கன்று. 1936 சூலை 30 அன்று புதுவையில் பஞ்சாலைத் தொழிலாளரைப் பிரெஞ்சுக் காவலர் சுட்டனர். 12 பேர் மாண்டனர். 1965 சனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் இந்தி எதிர்ப்புப் போரில் குண்டேந்தி விழுந்தார். 2018 மே 22 அன்று தூத்துக்குடியிலே நச்சுக்காற்று வேண்டாம் என்று ஊர்வலம் போனவர்களைச் சுட்டார்கள். 13 பேர் மாண்டனர். அருணா செகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 இல் பேரவையில் வைக்கப்பட்டது. சுட்டது தவறு என்றது, அலுவலர்களைச் சுட்டிக் காட்டியது. அறிக்கை வைத்தால் போதுமா? அறிக்கைக்கு ஏற்ற நடவடிக்கையில் நீதி முழுமையாக வேண்டும். ஆட்சியில் எவர் இருப்பினும் இதைக் கேட்போம். நம்மவர் இருந்தால் இன்னும் உரக்கக் கேட்போம்!

ஆனால் அந்த நாட்களின் மறுபக்கத்தையும் பாருங்கள். 1936 இல் வெறுங்கையோடு மாண்ட தொழிலாளரின் கோரிக்கை, மறு ஆண்டே எட்டு மணி நேர வேலையாக வென்றது. 1965 இல் வெறுங்கையோடு விழுந்த மாணவனின் மொழி, ஈராண்டில் வாக்குச் சீட்டாக எழுந்து ஆட்சியையே புரட்டிப் போட்டது. அவர்கள் கையிலும் துப்பாக்கி இருந்திருந்தால், கலகக்காரரை அடக்கினோம் என்று ஒரு வரியில் எழுதிக் கணக்கை முடித்திருப்பார்கள். வெறுங்கை என்பதுதான் சுட்டவனை வெட்கித் தலைகுனியச் செய்தது.

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியவை இவை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி உங்கள் மாவட்டத்தில் துப்பாக்கி உரிமம் எத்தனை, எந்தக் காரணத்துக்கு வழங்கப்பட்டவை என்று கேளுங்கள். வன்கொடுமைப் பகுதி எனப் பட்டியலிட்ட ஊர்களில் 3 ஆம் விதியின்படி எத்தனை உரிமம் நீக்கப்பட்டது என்று கேளுங்கள். காவல் துப்பாக்கி வெடிக்கும் ஒவ்வொரு முறையும் யார் ஆணையிட்டார் என்று கேளுங்கள். அடுத்த கூட்டத்திலே வீரவாளை விட்டுவிட்டு ஒரு புத்தகத்தைக் கொடுங்கள். தலைவர் கோபிக்க மாட்டார், கோபித்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

கோவில்பத்துக்கு மீண்டும் வருகிறேன். அதே தேநீர்க் கடை, அதே பெஞ்சு. அந்தத் தம்பி வந்து நிற்க வேண்டும். துப்பாக்கி வாங்கித் தராத அண்ணன் மீது அவருக்குச் சினம் இருக்கலாம், இருக்கட்டும். அந்தச் சினம் ஒரு குழலுக்குள் அடைபட்டு ஒரு நொடியில் வெடித்து அடங்கிவிடக் கூடாது. கொடியாகப் பறக்கட்டும், மனுவாக எழட்டும், தேர்தல் நாளில் வாக்காக விழட்டும். அவர் கடலுக்குப் போய்க் கரை திரும்ப வேண்டும். அவர் பிள்ளை பள்ளிக்குப் போய் வீடு திரும்ப வேண்டும். அதற்காகத்தான் இயக்கம்.